இரண்டாவது தழை

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை என்று என் இரண்டு கண்ணின் மேலும் சத்தியம் செய்துவிட்டு ஆரம்பிக்கிறேன். ஒரு கண்ணில் புரை விழுந்திருப்பதால் அந்தச் சத்தியம் பாதிதான் செல்லும் என்று நினைக்கிறவர்களுக்காக, குரங்கணி ஆற்றுத் தண்ணீரிலும் ஒரு கை அள்ளிச் சொல்கிறேன். எனக்கு இதைச் சொன்னவர் சோலைமலை. தன் வாயால் சொன்னார். போடி பஸ் ஸ்டாண்டில், பஸ் வராத ஒரு சாயங்காலம் பூராவும் உட்கார்ந்து சொன்னார். நான் எதையும் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை. கூட்டியது ஒரே ஒரு இடம்தான். அது வரும்போது நானே சொல்லிவிடுகிறேன். இது நடந்தபோது அவருக்கு மீசை சரியாகக் கட்டாத வயது. அதனால் அவனென்றே எழுதுகிறேன். அவர் என்று எழுதினால் பயம் அவர்மேல் ஒட்டாது.

முதலில் தப்பாக நடந்துகொண்டவை அட்டைகள்தான்.

ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகை பிறந்துவிட்டால் மலைமேல் சோலைக்காட்டில் அட்டைக்குக் குறைவிருக்காது. ஒற்றையடிப் பாதையின் இரண்டு பக்கமும், பெரணி இலை நுனியிலும் சருகின் விளிம்பிலும் ஈரக் கல்லின் மேலும், கறுப்பு நூல் நூலாக எழுந்து நின்று, வருகிற ஆளின் சூட்டை மோந்து, அவன் பக்கமாகச் சாய்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கும். உப்பு முடிச்சு கட்டிய கம்பு ஒன்று இல்லாமல் யாரும் அந்த வழியில் நடப்பதில்லை. சோலைமலை அன்று சோலைக்குள் நுழைந்து கொஞ்சதூரம் போனதும், வழக்கம்போல் குனிந்து கம்பின் உப்பைக் காலில் ஒற்றப் போனான். காலில் ஒரு அட்டைகூட இல்லை. பாதையோரத்தில் இருந்தன. கும்பல் கும்பலாக எழுந்துதான் நின்றன. ஆனால் ஒன்றும் அவன் பக்கம் சாயவில்லை. எல்லாம் அவனைத் தாண்டி, அவன் வந்த வழியைப் பார்த்துச் சாய்ந்து, மெதுவாகத் தலையாட்டிக்கொண்டிருந்தன.

பின்னால் யாரோ வருவதுபோல.

திரும்பிப் பார்த்தான். பாதை காலியாகக் கிடந்தது.

அவன் அந்த நேரத்தில் அங்கே ஏன் இருந்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலையின் மேற்குப் பாதிக்குக் கேரளம் என்று புதுப் பெயர் வைத்தார்களே, அந்த வருஷம். குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் சோலைமலைக்கு ஸ்டோரில் வேலை. பறித்து வந்த பச்சைக்காயை உலர்த்துகிற கட்டடத்துக்கு ஸ்டோர் என்று பெயர். தரைக்கடியில் ஓடுகிற இரும்புக் குழாயில் விறகுச் சூடு ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் வெளுக்கும். அந்த நெருப்பைப் பார்த்துக்கொள்வது அவன் சோலி. குளித்தாலும் போகாத ஏலக்காய் வாசனை அவன் உடம்பில் உண்டு. பொண்டாட்டி சந்திரவல்லி பிரசவத்துக்குக் குரங்கணியில் தாய்வீட்டில் இருந்தாள். அவளுக்கு இது மூன்றாவது. முதல் இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. அதனால் ஆவணியிலிருந்தே அவனுக்குத் தூக்கம் சரியில்லை. நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பான், நெருப்புக்குள் அழுகை கேட்கிறதா என்று.

அன்றைக்கு மத்தியானம் தாண்டிய வேளை, கீழிருந்து கழுதைகளில் அரிசி ஏற்றிக்கொண்டு காசிமாயன் வந்தான். சோலைமலைக்கு மாமன் முறை. ஸ்டோர் வாசலில் நின்று கத்தினான்.

“ஏ மாப்ளே! அடுப்ப விட்டு வெளிய வாடா. உன்னைய அதிகாரம் பண்ண ஒரு ஆளு வந்தாச்சு.”

“யாரு மாமா, புதுக் கங்காணியா?”

“கங்காணிக்கெல்லாம் கங்காணி. முந்தாநாத்து உம்பொண்டாட்டி பெத்துட்டாடா. ஆம்பளப் பய. உன் மாமியா செல்லத்தாயி திருஷ்டி கழிக்கிறேன்னு நெட்டி முறிச்சு முறிச்சு, வெரலு பத்தும் வீங்கிக் கெடக்கு.”

சோலைமலை வாசலுக்கு ஓடிவந்தான். “உசுரோட இருக்கானா மாமா?”

“உசுரோடவா? அவன் கத்துற கத்துல என் கழுதை ரெண்டு மெரண்டு ஓடிருச்சுடா.”

அவன் அங்கேயே துண்டை உதறித் தோளில் போட்டான். பக்கத்து ஆளிடம் நெருப்பை ஒப்படைத்தான். சந்திரவல்லிக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்த மலைத்தேன் பாட்டிலை இடுப்பில் கட்டினான்.

“விடிஞ்சதும் எங்கூட வாடா. லோடு ஏத்திட்டு சேர்ந்தே எறங்குவோம். மஞ்சு எறங்குது பாரு.”

“எனக்கு இருப்புக் கொள்ளாது மாமா. வெரசாப் போயிருவேன்.”

“ஒத்தையிலயா?” என்று கேட்ட காசிமாயன், பிறகு தானே சிரித்தான். “ஆமா, இனிமே நீ எங்கடா ஒத்தை? ரெண்டு ஆளுல்ல!”

இந்த ஒரு பேச்சைத் தவிர காசிமாயன்மேல் எந்தக் குற்றமும் கிடையாது.

தோட்டத்து எல்லையைத் தாண்டினால் புல்மேடு. மரம் மட்டை இல்லாமல், மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து மறுபடி நனைந்த புல், மலையின் முதுகில் பழுப்பாகப் படுத்துக் கிடக்கும். அதன் நடுவே கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த ஒரு கோடுதான் பாதை. கீழே போடி சமவெளியும் கண்மாய்களும் தெரிய வேண்டிய இடத்தில் அன்று மஞ்சுதான் வெள்ளைப் புகைபோல் நிரம்பியிருந்தது. காற்று வரும்போதெல்லாம் புல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, விட்டதும் மெதுவாக நிமிர்ந்தது. அவனுக்கு எதுவும் கண்ணில் படவில்லை. பிள்ளைக்கு மூக்கு யாரைப் போல இருக்கும் என்பதே யோசனை. மேட்டின் சரிவில் ஒற்றைக் கொம்பன் ஒன்று நின்று காதை விசிறிக்கொண்டு அவனையே பார்த்தது. நான் கூட்டியது இதுதான். யானை அங்கே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் திரும்பி ஓடியிருப்பான்.

புல்மேடு முடிந்து சோலை தொடங்குகிற இடத்தில் ஒரு பாறை உண்டு. சோலை முடிகிற இடத்தில் இன்னொன்று. தழைப்பாறை என்பார்கள். சாமி என்று பெயரில்லை, பூசாரி இல்லை, எண்ணெய் மஞ்சள் எதுவும் கிடையாது. உள்ளே போகிறவன் பக்கத்துச் செடியில் ஒரு கொத்துத் தழை ஒடித்து மேல்பாறையில் வைத்துவிட்டுப் போவான். வெளியே வந்ததும் கீழ்ப்பாறையில் ஒன்று வைப்பான். நடக்கப் போகிறேன் என்று ஒன்று, நடந்து முடித்தேன் என்று ஒன்று. ஆளுக்கு ஒரு தழை, அவ்வளவுதான். காசிமாயன் தன் கழுதைகளுக்கும் தலைக்கொன்று வைப்பான். கூட வருகிற நாய்க்கு வைக்கிறவர்களும் உண்டு. ஆனால் இடுப்பில் இருக்கிற கைக்குழந்தைக்கு வைக்க மாட்டார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரியும் ஒன்றுதான் வைப்பாள். தழை என்பது காலுக்கு. மண்ணில் பதிந்து நடக்கிற காலுக்கு. நடக்காத ஒருத்தர் பேரில் வைத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஏனென்றால் யாரும் வைத்ததில்லை.

சோலைமலை ஒரு கொத்து ஒடித்து வைத்தான். கை இன்னொரு கிளைக்குப் போனது. அதை அவன் யோசித்துச் செய்யவில்லை. காசிமாயன் சொன்னது காதில் இனித்துக்கொண்டே இருந்தது. நுனியில் சிவந்து சுருண்டிருந்த இளந்தளிர் ஒன்றைக் கிள்ளி, தன் தழைக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்தான்.

“இது எனக்கு,” என்றான் பாறையிடம். “இது எம்மகனுக்கு.”

சொன்னபிறகு அவனுக்கே வெட்கமாக இருந்தது. சிரித்துக்கொண்டான். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கினான். அந்தச் சோலை பெரிதில்லை. வாயிலிட்ட வெற்றிலையில் சாறு தீர்வதற்குள் தாண்டிவிடலாம்.

உள்ளே போன பிறகுதான் அட்டைகள்.

கொஞ்சநேரம் நின்று அவற்றைப் பார்த்தான். மானோ மிளாவோ பின்னால் தடம் மாறிப் போயிருக்கும், அந்தச் சூட்டுக்கு இப்படித் திரும்பியிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நடந்தான். சோலைக்குள் மரங்களுக்கு உயரம் கிடையாது. குட்டையும் முறுக்கலுமாக, பாசி தாடிவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். மேலே மஞ்சு இறங்கிவிட்டதால் இலைக்கு இலை தண்ணீர் ஒழுகி, சொட்டு விழுகிற ஓசை ஒரு பக்கம் நின்றால் இன்னொரு பக்கம் தொடங்கிக்கொண்டிருந்தது. மக்கிய சருகின் வாசனை, ஈர மரப்பட்டையின் வாசனை, அதற்குள் தன் சட்டையிலிருந்து வருகிற ஏலக்காய் வாசனை. இவ்வளவும் பழகியதுதான். இவற்றுக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. அது அவனுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. காட்டு வாசனை இல்லை அது. வீட்டு வாசனை. எந்த வீடு என்றுதான் தெரியவில்லை.

பின்னால் ஓசை கேட்டது.

நடக்கிற ஓசை இல்லை. இழுபடுகிற ஓசை. ஈரச் சருகின் மேல் கனமில்லாத ஒரு துணிமூட்டையை யாரோ விட்டு விட்டு இழுப்பதுபோல. ஒரு இழுப்பு. ஓய்வு. இன்னொரு இழுப்பு. முள்ளம்பன்றி என்று நினைத்தான். முள்ளம்பன்றி என்றால் முள் உரசுகிற சலசலப்பு இருக்கும். கருமந்திக் குரங்கு என்றால் மரத்தில்தான் போகும். உடும்பாக இருக்கும் என்று முடிவு செய்து நின்றான். ஆள் நின்றால் உடும்பும் நின்றுவிடும்.

அது நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் இழுபட்டு வந்து, பிறகுதான் நின்றது. நிற்கத் தெரியாத ஒன்று நிற்பதுபோல.

சோலைமலை காறித் துப்பினான். வெற்றிலைச் சாறு தீரவில்லை. நடையைக் கூட்டினான். பாதை அங்கே வேர்களுக்கு நடுவே படி படியாக இறங்கும், வழுக்கும். அவன் கம்பை ஊன்றி இறங்குகிறபோது பின்னால் இழுபடுகிற ஓசை மாறியது.

தப், தப், தப், தப்.

ஈர மண்ணில் மெத்தென்று பட்டு எடுக்கிற ஓசை. நாலு பட்டு ஒரு இடைவெளி. மறுபடி நாலு. கங்காணி வீட்டில் சாணி மெழுகிய தரையில் அவருடைய பேத்தி இப்படித்தான் வருவாள். அந்த ஓசை அவனுக்கு நன்றாகத் தெரியும். அதைக் கேட்பதற்கென்றே ஆடி மாதம் முழுக்க ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறான்.

உள்ளங்கை இரண்டு. முழங்கால் இரண்டு.

அப்போது அந்த வாசனையும் பிடிபட்டது. சுட்ட வசம்பு, பூண்டு, புளித்த பால், பச்சை உடம்பு. பிள்ளை பெற்ற வீட்டு வாசனை.

திரும்பக் கூடாது என்று கழுத்து தானாக விறைத்துக்கொண்டது. காது மட்டும் பின்னால் போய்விட்டது. தப், தப், தப், தப். பிறகு நின்றது. ஏதோ ஒரு வேரைப் பிடித்துப் பட்டை உரிகிற கீறல். ஒரு முனகல், கனமான எதையோ தூக்குகிறவர்கள் விடுகிற மாதிரி, ஆனால் மிகச் சின்னது. பிறகு,

ஒரு எட்டு.

இன்னொரு எட்டு.

தொப்.

விழுந்த குழந்தை அழுவதற்கு முன்னால் மூச்சை இழுத்துப் பிடிக்குமே, அது கேட்டது. சோலைமலை நடுப்பாதையில் நின்று அழுகைக்காகக் காத்திருந்தான். சொட்டுகள் விழுந்தன. மூச்சு பிடித்தது பிடித்தபடியே இருந்தது. அழுகை வரவில்லை. வாயில் வெற்றிலை சக்கையாகிவிட்டது. சோலை முடியவில்லை.

தளிர் நினைவுக்கு வந்தது. நுனி சிவந்த தளிர். இது எம்மகனுக்கு.

நான் நடக்கச் சொல்லிவிட்டேன். அவனுக்குள் அது இப்படித்தான் சொல் சொல்லாக விழுந்தது. நேற்று முன்தினம் பிறந்தவனை நான் இந்தச் சோலையை நடந்து தாண்டச் சொல்லிவிட்டேன்.

திரும்பி மேல்பாறைக்குப் போய் அந்தத் தளிரை எடுத்துவிடலாம். எடுத்துக் கசக்கி எறிந்துவிட்டால் நடை நின்றுவிடும். இரண்டு பிள்ளை தங்காமல் போனது. இது போகக் கூடாது. எடுத்துவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினான். மேலே நாலு எட்டு ஏறினான்.

பாதையின் நடுவே அட்டைகள் ஒரு வட்டம் கட்டியிருந்தன.

இரண்டு பக்கத்துப் பெரணியும் கல்லும் சருகும் கறுப்பு நூலாக எழுந்து, நடுவிலிருந்த வெறும் இடத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றன. அவன் முழங்கால் உயரம்கூட இல்லாத வெறும் இடம். அங்கே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத அந்த இடத்தில் களிமண் மெதுவாக அமுங்கி ஒரு பள்ளமாயிற்று. பள்ளத்தில் தண்ணீர் ஊறியது. பக்கத்தில் இன்னொரு பள்ளம். விரல்கள் ஐந்தும் தெரிந்தன. ஐந்தும் சேர்ந்து அவன் கட்டைவிரல் அகலம்தான்.

அதைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும்.

“அப்பு,” என்றான். குரல் அவனுடையதாக இல்லை. “போயிரு அப்பு. ஆத்தாகிட்டப் போயிரு. எம்பின்னாடி வராத.”

பள்ளம் ஒன்று அவனுக்கு அருகில் விழுந்தது.

“வராதன்னு சொல்றேன்ல!”

இன்னொன்று. பிறகு அவன் கெண்டைக்காலில் ஈரமாக ஏதோ பட்டது. அட்டை என்று நினைக்க ஆசைப்பட்டான். அட்டை இழையும். இது பிடித்தது. நிற்பதற்குப் பிடிமானம் தேடுகிற சின்ன உள்ளங்கை, சோலை மண்ணின் குளிரோடு, அவன் காலைப் பிடித்து அழுத்தி எழுந்தது. இன்னொரு கை முழங்காலுக்கு ஏறியது. தூக்கச் சொல்கிற பிள்ளையின் கை எப்படி ஏறுமோ அப்படி.

உதறினான்.

காலை ஓங்கி உதறினான். ஏதோ சருகில் போய் விழுந்தது. மூச்சு இழுபட்டது.

ஓடினான்.

வேர். கல். வழுக்கல். கம்பு போயிற்று. தேன் பாட்டில் பாறையில் பட்டு உடைந்து இடுப்பெல்லாம் பிசுபிசுத்தது. அவன் ஒரு எட்டு வைத்தால் பின்னால் நாலு. தப் தப் தப் தப். இப்போது விழவில்லை. தடுமாறவில்லை. கற்றுக்கொண்டுவிட்டது. நெருங்கியது. இடது பக்கம். பெரணிகள் முழங்கால் உயரத்தில் விலகின. அவனுக்கு இணையாக. பிறகு அவனுக்கு முன்னால். அவன் நின்றான். அது நிற்கவில்லை. பெரணிகள் விலகி விலகிக் கீழே போயின, குரங்கணிப் பக்கம். இரண்டு ஓரத்திலும் அட்டைகள் அந்தத் திசையில் திரும்பின. எல்லாம். ஒன்று விடாமல்.

அப்போதுதான் அவனுக்கு உண்மையான பயம் வந்தது. அது தன்னைத் துரத்தவில்லை.

அது வீட்டுக்குப் போகிறது.

மறுபடி ஓடினான், இப்போது அதன் பின்னால். வெளிச்சம் சாம்பலாகத் தெரிந்தது. மரங்கள் விட்டன. கீழ்ப்பாறை. மழையில் கழுவிய வெறும் பாறை. அதன்மேல் ஒரே ஒரு தழை இருந்தது. குனிந்து பார்த்தான். இளந்தளிர். ஒடித்ததோ கிள்ளியதோ இல்லை. காம்பு நசுங்கிக் குழைந்திருந்தது. பல் முளைக்காத ஈறு சப்பிச் சப்பிப் பிடுங்கினாற்போல. எச்சில் இன்னும் காயவில்லை.

தன் பங்குக்கு ஒரு தழை ஒடித்து அதன் பக்கத்தில் வைத்தான். காலைப் பார்த்தான். கார்த்திகைச் சோலையைத் தாண்டி வந்த காலில் ஒரு கடிவாய்கூட இல்லை.

குரங்கணியில் விளக்கு வைக்கிற நேரம். அடுப்புப் புகை கூரைகளின் மேல் படிந்திருந்தது. மாமியார் வீட்டு வாசலில் செல்லத்தாய் ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்றாள், அவன் வருவது முன்னமே தெரிந்தவள்போல.

“வாங்க மாப்ளே. என்ன, புலி வெரட்டுச்சாக்கும்? இந்த எரைப்பு எரைக்கிறீக?”

“பிள்ள... பிள்ள எப்படி இருக்கான்?”

“நல்லாத்தான் இருக்கான். மொதல்ல காலக் கழுவுங்க. காட்டு மண்ணோட பச்சப்பிள்ளகிட்டப் போகக்கூடாது. இந்தா, நல்லாத் தேய்ச்சு... இதென்ன அதிசயம்! ஒரு அட்டகூடக் கடிக்கலையா ஒங்கள?”

அவன் குனிந்து கால் கழுவினான். தண்ணீர் தெளிவாகவே ஓடியது.

“ஒங்க மகன் இருக்கானே,” என்று அவள் பேசிக்கொண்டே போனாள், “மத்தியானத்துல இருந்து ஒரே தூக்கம். பால் குடிக்கல. உள்ளங்காலச் சுண்டிப் பாத்தேன், மூக்கப் பிடிச்சுப் பாத்தேன், முழிக்கல. ஒடம்பு கல்லாட்டம் சில்லுன்னு கெடந்துச்சு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. சந்திரவல்லி அழுகவே ஆரம்பிச்சுட்டா. இப்பத்தான் கண்ணத் தெறந்தான். நீங்க வாரதுக்குச் செத்த முன்னாடி. வாசல்ல யாரோ வந்த மாதிரி இருந்துச்சு, எட்டிப் பாத்துட்டுத் திரும்புறேன், முழிச்சுக் கெடக்கான்.”

உள்ளே அகல் ஒன்று எரிந்தது. சந்திரவல்லி தலையில் துணி கட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். வெளுத்துப்போன முகத்தில் சிரிப்பு. விட்டத்திலிருந்து அவளுடைய பழைய சேலையில் கட்டிய தூளி தொங்கியது. வசம்பு. பூண்டு. பால். அதே வாசனை.

“ஏங்க, அங்கயே நின்னா எப்பிடி? வந்து பாருங்க. ஒங்க மூக்குத்தான்.”

போனான். தூளியின் துணியை இரண்டு விரலால் விலக்கினான். பிள்ளை அழவில்லை. கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கு அவன் மூக்குத்தான். நெற்றியில் பொட்டு, இடுப்பில் கறுப்புக் கயிறு. எல்லாம் இருந்தது. பார்வையைக் கீழே கொண்டுபோகாமல் இருந்திருக்கலாம்.

உள்ளங்கால்கள் இரண்டும் கறுத்திருந்தன. சோலையின் கறுப்பு மண். விரலிடுக்கில் மக்கிய சருகு. முழங்கால் இரண்டிலும் சிராய்ப்பு. வலது கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை, குடித்துக் குடித்துத் திராட்சையாகப் பருத்து, இன்னும் விடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. விலாவில் ஒரு கன்றல், பெரிய ஆளின் கால் உதறியதுபோல.

“தூக்குங்களேன்,” என்றாள் சந்திரவல்லி. “பயமா? ஒடஞ்சிர மாட்டான்.”

தலை நிற்காத அந்தப் பிள்ளை இரண்டு கையையும் மெதுவாக அவனை நோக்கித் தூக்கியது.

அவன் ஒரு எட்டு பின்னால் வைத்தான்.

தூளிக்குள், துணி புடைத்துப் புடைத்து அடங்க, அந்தக் கால்கள் நாலு எட்டு வைத்தன.

இதில் பொய்யில்லை என்று சத்தியம் செய்தவன் இதையும் சொல்லிவிட வேண்டும்: இவ்வளவையும் தன் வாயால் சொன்ன சோலைமலை கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. பிள்ளை இல்லாததால் போன தை மாதம் அவருக்குக் கொள்ளி வைத்தவன் நான்.